கோர்க்காவின் 10 கிலோமீட்டர்: ஃப்ராக்டல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலநடுக்கங்கள் பிளவுகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாகவே நிகழ்கின்றன. அந்தக் கொத்தை ஓர் எண்ணில் சொல்வது ஃப்ராக்டல் பரிமாணம். வரைபடத்தில் மையங்கள் எங்கும் நிரவியிருந்தால் 2, ஒரே கோட்டில் இருந்தால் 1, ஓரிடத்தில் குவியக் குவிய 0-வை நோக்கி இறங்கும். மையங்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வோர் இணைக்கும் இடையிலான தூரத்தை அளந்து, 5 கிலோமீட்டருக்குள் எத்தனை, 50-க்குள் எத்தனை என்று எண்ணி மடக்கை அச்சில் வரைந்தால், கோட்டின் சாய்வே அந்த எண்.

முழுக் கோட்டுக்கும் சாய்வு காண்பது முதல் தவறு. மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை 0.1 பாகைக்குத் தோராயமாக்கிய பட்டியலில் சுமார் 11 கிலோமீட்டருக்குக் கீழே எந்த உண்மையும் இல்லை. பெரிய தூரங்களில் ஆய்வுப் பரப்பே தீர்ந்துபோவதால் கோடு படுத்துவிடும். நடுவிலுள்ள நேர்த்துண்டை மட்டும் எடுக்க வேண்டும்.

2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தின் கோர்க்காவை 7.8 அளவில் உலுக்கிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆழம் என்ற பத்தியில் 10, 10, 10 என்று வரிசையாக நிற்கும். பல அதிர்வுகளுக்கு ஆழத்தைக் கணிக்க முடியாதபோது இட்டு நிரப்பும் எண் அது. அதை உண்மை ஆழமாக நம்பி முப்பரிமாணக் கணக்குப் போட்டால், பூமிக்கடியில் இல்லாத ஒரு தட்டையான தளம் முளைக்கும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. இமயமலை முழுவதற்கும் நூறு நூறு அதிர்வுகளாக நகர்த்திப் பரிமாணம் கண்டு, ஒவ்வொரு மதிப்பையும் அந்த நூற்றின் நடுநாளில் குறிக்கிறார்கள். கடைசி முப்பது கோர்க்காவின் பின்னதிர்வுகளாக இருந்தால், அவை ஓரிடத்தில் குவிந்திருப்பதால் மதிப்பு சரியும். நடுநாளோ ஏப்ரல் 25-க்கு முந்தையது. பின்னால் வந்தது முன்னறிகுறியாகத் தோன்றிவிடுகிறது! எத்தனை பேர் உயிரிழந்த பூமி அது. அங்கே இல்லாத எச்சரிக்கையைக் காட்டக் கூடாது. மதிப்பைக் கடைசி அதிர்வின் நாளிலேயே குறியுங்கள்.

பெரிய அதிர்வுக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தில் சிறியவை அலைகளுக்குள் மறைந்து பட்டியலில் ஏறாமலே போகும். எந்த அளவுக்கு மேல் பட்டியல் முழுமையானது என்று பார்த்து, அதற்குக் கீழானவற்றை விட்டுவிடுங்கள்.

பெரிய அதிர்வுகளோடு ஒப்பிடச் சிறியவை எவ்வளவு அதிகம் என்பதைச் சொல்லும் எண் ‘பி’ மதிப்பு. பரிமாணம் அதன் இரு மடங்கு என்பது நிலநடுக்கவியலாளர் கெய்ச்சி ஆக்கி 1981-இல் தந்த உறவு. சில அனுமானங்களின் மேல் நிற்பது. அதிலிருந்தே பரிமாணத்தைக் கணக்கிட்டு, ‘இரண்டும் ஒத்துப்போகின்றன’ என்று எழுதுவது சான்றாகாது. அதற்குப் பதில், அதே எல்லைக்குள் அதே எண்ணிக்கையில் புள்ளிகளைக் கண்டபடி தூவி, அதே நிரலை ஓட்டுங்கள். அங்கே 2 வராமல் 1.7 வந்தால், அந்த 0.3 உங்கள் எல்லையும் புள்ளிப் பற்றாக்குறையும் போட்டது.