வெளிநாட்டுக்குப் போய் சிம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாய்க்கோ கொழும்புக்கோ உம்ராவுக்கோ புறப்படுகிறவர்கள் "இறங்கியதும் அங்கே ஒரு சிம் போட்டுக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த எண்ணத்தில் தவறில்லை. கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் சிக்கலில் மாட்டிவிடுவது அந்தப் புது சிம் இல்லை. கையோடு கொண்டுபோகும் ஊர் சிம்தான். அதைச் சரிசெய்யும் வேலை கீழக்கரையிலோ தொண்டியிலோ, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு, ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் பத்திரப்படுத்துவது. வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ஜிபே, போன்பே போன்றவை சிம்மோடு பிணைக்கப்பட்டவை என்பதால், சிம் போனில் இல்லையென்றால் மறுபடி சரிபார்க்கச் சொல்லி நின்றுவிடலாம். எனவே ஊர் சிம் ஒரு பக்கமும் வெளிநாட்டு சிம் மறுபக்கமும் இருக்கட்டும். உங்கள் போன் ட்ரேயை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான். அப்படியென்றால் கார்டில் உள்ள படங்களை வீட்டிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ட்ரேயைத் திறக்க ஊக்கு போதும், ஆனால் எந்தத் துளையில் குத்துகிறோம் என்று பார்த்துக் குத்த வேண்டும். ட்ரேயின் விளிம்புக் கோட்டுக்குள் இருப்பதுதான் சிம் துளை. சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் சின்னத் துளை மைக். அதில் ஊக்கை விட்டால், நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காமல் போகலாம்.

ஊர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கை நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ முன்கூட்டியே ஆன் செய்யுங்கள். போய் இறங்கியபின் செய்யலாம் என்று விட்டால், அதற்கான ஓடிபியே வந்து சேராது. ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. பணம் போவது நெட்டிலும் அழைப்பிலும். எனவே செட்டிங்ஸில் ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிடுங்கள். "எங்க இருக்கீங்க மாமா?" என்று அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்காதீர்கள், ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு போகும்.

ரோமிங் ஆன் செய்த கையோடு தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரிச்சல்முனையில் நிற்கும் போனுக்குச் சில நேரம் இலங்கை சிக்னல் பலமாகக் கிடைக்கும். போன் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும், இலங்கைக்கு வரவேற்பதாகச் செய்தியும் வரும். மணியும் மாறாது, இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். டேட்டா ரோமிங் ஆனில் இருந்தால், படகு ஏறாமலே வெளிநாட்டுக் கட்டணம் விழும். நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டு வருட கான்ட்ராக்டில் வெளிநாட்டு வேலைக்குப் போகும் சபராளிகளுக்கு வேலிடிட்டிதான் பெரிய விஷயம். ரீசார்ஜ் இல்லாமல், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கலாம். பிறகு அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும். அதோடு வங்கி ஓடிபியும் அவருக்குப் போகும், வாட்ஸ்அப்பையும் அவர் அந்த எண்ணில் திறக்கலாம். அங்கே பயன்படாத தினசரி டேட்டாவுக்காகப் பெரிய பேக் போட வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதியால் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பேக்குகளை நிறுவனங்கள் தந்தாக வேண்டும், வேலிடிட்டியும் 365 நாள் வரை இருக்கலாம். அதில் நீளமானதைப் போட்டுவிட்டு, முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றட்டுமா என்று கேட்கும். மாற்றாமல் பழைய எண்ணிலேயே விடுங்கள். எந்த சிம்மின் நெட்டில் வேண்டுமானாலும் அது ஓடும்.

இனி கவுன்டர். பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸோ போனில் எடுத்த படமோ போதாது, அசல் வேண்டும். சவூதியில் கைரேகையும் வைக்க வேண்டும். வயதானவர்களுக்கும், கயிறும் வலையும் இழுத்துக் காய்த்த கைகளுக்கும் ரேகை சட்டென்று பதியாது. விரலைத் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உம்ரா குழுவில் "ஒருத்தர் சிம் போட்டால் போதும், ஹாட்ஸ்பாட் வாங்கிக்கலாம்" என்பார்கள். கூட்டத்தில் ஆள் பிரிந்த நிமிடமே அது உதவாது. மதீனாவில் நபி பள்ளிவாசலின் ரவ்ளா பகுதிக்குள் போவதற்கான அனுமதியும் சவூதி அரசின் நுஸுக் செயலியில் எடுப்பதுதான். குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு சிம் இருக்கட்டும்.

ரேகை பதியவில்லை, வரிசை நீளம் என்று யாரோ நீட்டும் "ரெடிமேட்" சிம்மை மட்டும் வாங்கக் கூடாது. அது வேறொருவர் பேரில் பதிவானது. எப்போது அணையும் என்று தெரியாது, அதை வைத்து முன்பு என்ன நடந்தது என்றும் தெரியாது. சிங்கப்பூரில் ஒருவர் பேரில் மூன்று ப்ரீபெய்ட் சிம்மே வைக்கலாம், பழைய பயணத்தில் வாங்கியவை கணக்கில் நின்றால் கவுன்டரில் மறுப்பார்கள். அமீரகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், அந்நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்ததும் சிம் பதிவை அதன் பேருக்கு மாற்றிவிட வேண்டும்.

கவுன்டரை விட்டு நகரும் முன் சோதித்துப் பார்ப்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். போன் ஏர்போர்ட் வைஃபையில் இருக்கும், வாட்ஸ்அப் போகும், சிம் வேலை செய்கிறது என்று நம்பி டாக்ஸி ஏறிவிடுவார்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓர் அழைப்பும் போட்டுப் பாருங்கள். சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வரவில்லை என்றால், பெரும்பாலும் போனை நெட்டோடு இணைக்கும் ஏபிஎன் செட்டிங்தான் காரணம், அங்கிருப்பவரிடமே சரிசெய்து வாங்குங்கள். சிம்மைப் பிய்த்தெடுத்த அட்டையையும் எறியாதீர்கள். அதில் பூட்டிய சிம்மைத் திறக்கும் எட்டு இலக்க பக் (PUK) எண் இருக்கும். சிம்மின் ரகசிய எண்ணான பின்னை (PIN) மூன்று முறை தவறாகப் போட்டால் அந்த எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்தது, பிறகு மாற்று சிம்தான்.

போனையும் பாருங்கள். உம்மா வழக்கமாக வைத்திருக்கும் பட்டன் போனை சிங்கப்பூருக்குக் கொடுத்தனுப்பினால் பயனில்லாமல் போகலாம். அங்கே 2ஜி 2017லேயே மூடப்பட்டது, 3ஜியும் 2024ல் போயிற்று. 4ஜியில் பேசும் வசதி, அதாவது வோல்ட்டி, இல்லாத போனில் அழைப்பே போகாது. ஜியோ பட்டன் போன்கள் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும்.

அமீரகத்தில் நெட் சிம் போட்டும் வீட்டுக்கு வாட்ஸ்அப் கால் போகவில்லை என்று சிம்மைக் குறைசொல்பவர்கள் உண்டு. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச்சுக்கும் வீடியோவுக்கும் தடை. போடிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை ஊரிலேயே இரு பக்கமும் இறக்கி வையுங்கள். யாராவது தடையைச் சுற்றிப் போக விபிஎன் என்ற செயலி போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம். தடையை மீற அதைப் பயன்படுத்தினால் அங்கே வழக்கு, அபராதமும் பெரிது.

அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் வசதியானது, ஆனால் எல்லா போனிலும் கிடையாது. *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு ஈஐடி என்ற நீண்ட எண்ணும் வந்தால் உங்கள் போன் ஏற்கும். அதை நிறுவ இணையம் தேவை, எனவே வீட்டு வைஃபையிலேயே நிறுவுங்கள். நாள் கணக்கு நிறுவியதும் தொடங்குமா, போய் இறங்கியதும் தொடங்குமா என்று முதலில் படித்துப் பாருங்கள். பயண இ-சிம் பெரும்பாலும் வேறு நாட்டு நிறுவனத்தின் ரோமிங்கில் ஓடுவது. ஆகவே அதற்கு மட்டும் டேட்டா ரோமிங் ஆனில் இருக்க வேண்டும், ஊர் சிம்முக்கு ஆஃபில். இதைத் தலைகீழாக வைத்துவிட்டுத்தான் "இ-சிம் ஏமாற்று" என்கிறார்கள். பல இ-சிம்களில் எண்ணே இருக்காது, உள்ளூர் டாக்ஸி செயலி ஓடிபி கேட்டால் கைவிரிக்கும்.

கடைசியாக, யார் பேரில் எது பயணம் செய்கிறது என்பது. அடிக்கடி போய்வந்து சாமான் சுமக்கும் குருவிகளிடமும் முதல் பயணம் போகிறவர்களிடமும் "இந்தக் கவரை அங்கே கொடுத்திடுங்க தம்பி" என்று இந்திய சிம்களைக் கொடுத்தனுப்பப் பார்ப்பார்கள். கம்போடியா, மியான்மர் பக்கம் இயங்கும் ஆன்லைன் மோசடிக் கும்பல்களுக்கு அப்படிப் போகும் சிம்கள்தான் தேவை. பிடிபட்டால் முதலில் மாட்டுவது கொண்டுபோனவர். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். திரும்பி வரும்போது, வளைகுடா படகுகளில் பயன்படுத்திய சாட்டிலைட் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம், நம் கடற்கரையில் அதை யாரும் லேசில் விடமாட்டார்கள்.