பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் சுவரை இடிக்கும் முன்

ராயபுரம், மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிற்கின்றன. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை ஓடும். அதன்மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, கோணலாக வரிசை பிடித்து அடுக்கி, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டை ஓடு பதித்திருப்பார்கள். கான்கிரீட் தளம்போல உள்ளே கம்பி கிடையாது. தளத்தின் பாரம் முழுக்கக் கட்டை வழியாகச் சுவரில் இறங்குகிறது. அந்தக் கட்டைகளோ எதிரெதிர்ச் சுவர்கள் வெளியே சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கின்றன.

இது தெரியாமல் ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிப்பதுதான் பெரிய தவறு. கட்டையின் முனை அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால் தொடவே கூடாது என்பது பலருக்கும் புரியும். கட்டைக்கு இணையாக ஓடும் சுவரை மட்டும், "இது சும்மா தடுப்புதான் சார், எடுத்துடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். சும்மா இல்லை. கட்டைகளைத் தாங்கும் நீளச் சுவர் நடுவில் வயிறு தள்ளாமல் முட்டுக்கொடுப்பது அதுதான். மாடியிலும் அதே இடத்தில் சுவர் எழுந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் பொதுச்சுவர் வேறு. ஒரே சுவரில் இரண்டு வீட்டுக் கட்டைகளும் ஊன்றியிருக்கும். நம் பாதியை இடித்தால் பக்கத்து வீட்டுத் தளமும் ஆடும்.

அடுத்தது பாரம். மாடியில் குளியலறை கட்ட, பத்துக்குப் பத்து அறையில் நாலு அங்குலம் மணல் நிரப்பினால் அதுவே ஒன்றரை டன். ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் இன்னொரு டன்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது சிமெண்ட் பூச்சுக்குத்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கட்டை முனை வரை போய்விடும். எங்கள் வீட்டில் சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று அப்படித்தான் பூசினோம். சில வருஷம் கழித்து, மாடியில் யார் நடந்தாலும் பீரோக் கண்ணாடி கிலுகிலுத்தது. தச்சர் ஏணியில் ஏறி, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பாதி உள்ளே போய்விட்டது. ஒரு அடி தள்ளிக் குத்தினால் முனைகூட இறங்கவில்லை. அப்புறம் சவுக்கு முட்டு கொடுத்து, உளுத்த பாகத்தை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் புதுத் தேக்கு வைத்து போல்ட் முடுக்கினோம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம்.

இப்போது கார்த்திகை மழை விட்டதும் ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனையையும் தட்டிப் பார்த்துவிடுகிறோம். நல்ல கட்டை கணீரென்று கேட்கும். உளுத்தது பொத்தென்று கேட்கும்.