ஸ்டீயரிங் கையை உதறி ஆடுகிறதா? சாலிட் ஆக்ஸில் வண்டியில் கோளாறைத் தேடும் முறை

மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் போகும்போது முன் சக்கரம் ஒரு பாலத்தின் இணைப்பிலோ சின்னப் பள்ளத்திலோ ஏறி இறங்கும். அடுத்த நொடி ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு இடமும் வலமும் அடிக்கத் தொடங்கும். வண்டி முழுக்க அதிரும், வேகம் நன்றாகக் குறையும்வரை நிற்காது. இதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர். முன்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு (சாலிட் ஆக்ஸில்) தாங்கும் வண்டிகளில்தான் இது வரும்: ஜீப் ரேங்ளர், ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 ஃபோர் வீல் டிரைவ், சுசூகி ஜிம்னி போன்றவை.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் கட்டைவிரலைக் கம்பிகளுக்குள் விடாதீர்கள், ஸ்டீயரிங் அடிக்கும் வேகத்தில் முறிந்துவிடும். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். கோளாறு தெரியும்வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு நடுக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளம் எதுவும் இல்லாமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டியதும் குறைகிற அதிர்வு பெரும்பாலும் வீல் பேலன்ஸ் கோளாறு, அல்லது வளைந்த ரிம். அதற்கு மருந்து வேறு.

டெத் வாபிளில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். பள்ளம், பேலன்ஸ் இல்லாத டயர் இதெல்லாம் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவை. தொடங்கியதை அடங்கவிடாமல் வைத்திருப்பது எங்கோ இருக்கும் லூஸ். அதனால்தான் புது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டதும் சரியாகிவிட்டது போலத் தோன்றி, சில மாதங்களில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், லூஸை இறுக்காது. அதை முதலில் வாங்காதீர்கள். சோதனை செய்யும்போது பழைய டேம்பரைக் கழற்றிவிடுவதே நல்லது, மற்ற ஜாயின்ட்டுகளின் அசைவு ஒளியாமல் தெரியும்.

முதல் சோதனைக்கு ஜாக்கி வேண்டாம். சக்கரங்கள் நான்கும் தரையில், வண்டி தன் முழு எடையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். இன்ஜின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடமும் கால் சுற்று வலமுமாக, நிறுத்தாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரம்வரை ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும்: ஸ்டீயரிங் கம்பிகளின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டின் (குண்டு மூட்டு) கிண்ணமும் அதன் தண்டும் சேரும் இடத்தில் விரல் நுனியைக் குறுக்கே வையுங்கள். இரண்டும் ஒன்றாக நகர வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அது போய்விட்டது. விரல் நசுங்கும் இடுக்குகளில் கை வைக்காதீர்கள். டை ராட் (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி) தன் அச்சிலேயே கொஞ்சம் உருளுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து மாற்றிவிட வேண்டாம்.

காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ட்ராக் பார். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைப்பது அந்த ஒரே கம்பிதான். அதன் ஒரு முனை 2 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஆக்ஸில் நகரும், ஆக்ஸில் நகர்ந்தால் டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் திரும்பினால் ஆக்ஸில் மறுபக்கம் தள்ளப்படும். ஆட்டம் இப்படித்தான் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. போல்ட்டின் தலையைச் சுற்றித் துருநிறப் பொடியோ, பெயின்ட் தேய்ந்து பளபளக்கும் வளையமோ தெரிந்தால் அந்த போல்ட் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை ஆட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் அதேதான்.

போல்ட்டைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சரியான உள்விட்டமுள்ள கனமான வாஷரை பிராக்கெட்டில் வெல்டிங் செய்யலாம், அல்லது பிராக்கெட்டையே மாற்ற வேண்டும். புது போல்ட்டின் மழமழப்பான பகுதி பிராக்கெட் தகட்டில் உட்கார வேண்டும், மரை உட்கார்ந்தால் அது ஓட்டையை அரித்துவிடும். ட்ராக் பார் முனையிலுள்ள புஷ்ஷின் (போல்ட்டைச் சுற்றிய ரப்பர் உறை) ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கடைசியாக இறுக்குவது வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்து இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஜீப் ரேங்ளரின் ஜேகே மாடலில் ட்ராக் பார் போல்ட்டை இறுக்கும் அளவு 125 பவுண்டு-அடி, அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கு இங்கே உதவாது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அதனதன் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவு.

இனி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். டயருக்குக் கீழே கடப்பாரையை விட்டு மேலே நெம்புங்கள். சக்கரம் ஆக்ஸிலை விட்டுத் தனியாக ஏறி இறங்கினால் கோளாறு ஆக்ஸில் முனையில் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டில். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லூஸ் தெரிந்தால் டை ராட் முனை. ஜிம்னி, பழைய லேண்ட் குரூஸர் போன்ற கிங்பின் (சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் முளை) வண்டிகளில் பால் ஜாயின்ட்டுக்குப் பதில் கிங்பின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஜிம்னியில் முதல் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். பேரிங்கை மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஆக்ஸிலை முன்பின்னாக நகராமல் பிடிக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் புஷ்கள், ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், அந்த இடத்தில் விரிசல் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

லூஸ் எல்லாம் போன பிறகுதான் அலைன்மென்ட். ஸஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கும். இத்தகைய காயில் ஸ்பிரிங் வண்டிகள் பெரும்பாலும் 4 முதல் 6 டிகிரியில் நிம்மதியாக ஓடும். நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்மோ கேம் போல்ட்டோ போட்டு அதை மீட்கலாம். அளவுக்கு மீறிக் கூட்டினால் முன் டிஃபரன்ஷியலின் பினியன் கோணம் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் கோணம்) கெட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரத் தொடங்கும். டோ-இன் 1.5 முதல் 3 மில்லிமீட்டர்: ஆக்ஸில் உயரத்தில், டயரின் முன்விளிம்புகளுக்கு இடையேயான தூரம் பின்விளிம்புகளுக்கு இடையேயானதைவிட அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்.

டயரைச் சோதிக்க எளிய வழி, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போடுவது. ஆட்டத்தின் குணம் மாறினால் டயரும் பங்காளி. பேலன்ஸ் செய்து, காற்றையும் பாருங்கள். பெரிய டயரில் காற்று அதிகமானால் சக்கரம் துள்ளும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட்வரை பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் குனிந்து பாருங்கள், கோடு முறிந்திருந்தால் அந்த போல்ட் மறுபடி தளர்ந்திருக்கிறது.