வியாழனையும் நிலாக்களையும் ஒரே படத்தில் எடுக்க

இங்கே சொல்லும் கணக்கு 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கிக்கு (குவியத்தூரம் 1200 மி.மீ.), ஈக்வடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி), 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கலர் வீடியோ கேமராவோடு. குவிய விகிதம் (குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்தது, எஃப்/ என்று எழுதுவார்கள்) மைக்ரானில் சொன்ன பிக்சல் அளவைப்போல் ஐந்து மடங்கு இருந்தால் போதும். 2.5 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தை நீட்டும் லென்ஸ்) போட்டால் எஃப்/15 கிடைக்கும். அதற்கு மேல் பெரிதாக்கினால் படம் மங்கும், விவரம் கூடாது.

இந்த அளவில் வியாழன் சுமார் 225 பிக்சல் அகலம் வரும். 1936 பிக்சல் அகல சென்சாரின் நடுவில் கோளை வைத்தால் பெரிய நிலாக்களில் மிக நெருங்கிய அயோ எப்போதும் உள்ளே இருக்கும். யூரோப்பா முழுத் தொலைவுக்குப் போனால் விளிம்பைத் தாண்டிவிடும். கலிஸ்டோ பெரும்பாலும் எட்டாது. ஆகவே ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் நிலாக்கள் நெருங்கியிருக்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். நிலா நிழல் கோளின் மேல் விழும் இரவென்றால் இன்னும் நல்லது. கேமராவைத் திருப்பி, வியாழனின் பட்டைகள் சட்டத்தின் நீளவாக்கில் வரும்படி வையுங்கள். நிலாக்களும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் நிற்கும்.

தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். மொட்டைமாடி காங்கிரீட் பகல் வெயிலை நள்ளிரவு வரை கக்கும். மண் தரை கிடைத்தால் அங்கே போங்கள். ஃபோகஸை வியாழனில் தேடாதீர்கள். ஒரு நிலா எந்த இடத்தில் மிகச் சிறிய புள்ளியாகிறதோ, அதுதான் ஃபோகஸ்.

எக்ஸ்போஷர் 10 மில்லிசெகண்ட், ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 60-70% வரும்படி கெய்ன் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு), எஸ்.இ.ஆர். (சுருக்காத வீடியோ வடிவம்) கோப்பு, 3 நிமிடம். அதற்கு மேல் நீட்டினால் வியாழனின் சுழற்சியே விவரத்தைக் கலைக்கும். அயோவும் அந்த 3 நிமிடத்தில் ஒரு ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வரை நகர்ந்துவிடும், அதாவது கிட்டத்தட்ட தன் அகலமே.

ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் வீடியோவின் சிறந்த 25% ஃபிரேம்களை ஒரே படமாக அடுக்குங்கள். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கோளுக்குத் தேவையான வேவ்லெட் கூர்மையை (நுண்விவரங்களை அளவுவாரியாகத் தூக்கிக்காட்டும் முறை) நிலாக்களுக்கும் கொடுத்தால் அவற்றைச் சுற்றிக் கருப்பு வளையம் விழும். அதே அடுக்கை இரண்டு முறை பதப்படுத்துங்கள்: கோளுக்கு முழுக் கூர்மை, நிலாக்களுக்கு லேசான கூர்மை, கூடுதல் வெளிச்சம். இரண்டையும் லேயர் மாஸ்க் (ஒரு படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) போட்டு ஒன்றாக்குங்கள். நிலா கோளின் விளிம்பை ஒட்டியிருந்தால் மாஸ்கை மென்மையாக்காதீர்கள், விளிம்பில் ஒளிவட்டம் வரும்.

வின்ஜூபோஸ் என்ற மென்பொருளில் பல வீடியோக்களைச் சேர்த்துச் சுழற்சியைத் திருத்தினால் வியாழன் தெளியும், ஆனால் நிலாக்கள் இழுபடும். அப்போது நடு வீடியோவின் நிலாக்களை மட்டும் எடுத்து ஒட்டுங்கள்.