மட்டக்களப்பில் இறங்கியவுடன் கார் வாங்க ஓடாதீர்கள்

கனடா, லண்டன் என்று இருந்துவிட்டு, கொஞ்சக் காலம் ஊரில் இருந்து பார்ப்போம் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது "வாகனத்துக்கு என்ன செய்யிற?" என்றுதான். நானும் கேட்டவன்தான். வந்த வாரமே ஒரு காரை மாத வாடகைக்கு எடுத்தேன். அது பெரும்பாலும் மாமரத்தடியில் நின்று சருகு சேர்த்தது.

காரணம், இந்த ஊரின் அமைப்பு. கடலுக்கும் வாவிக்கும் (கடலோரத்து ஏரி) நடுவே ஒடுங்கிய நிலம். கல்லடியில் இருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அம்பாறை மாவட்டத்துக் கல்முனை என்று எல்லாமே ஒரே வீதியில் கோத்தமாதிரி இருக்கும். அந்த வீதியில் பகலெல்லாம் பஸ் ஓடும். கையை நீட்டினால் நிற்கும், "இறக்கம்" என்று குரல் கொடுத்தால் இறக்கிவிடும். அரசாங்கத்தின் சிவப்பு இ.போ.ச. பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்று பார்த்து நிற்க வேண்டாம், முதலில் வருவதில் ஏறுங்கள். சில்லறை மட்டும் கையில் இருக்கட்டும். பஸ் வரும் நேரத்தைப் போனில் தேடிப் பழகியவர்களுக்கு முதல் வாரம் எரிச்சல் வரும், அப்புறம் பழகிவிடும்.

நகரின் நடுப்பகுதியான புளியந்தீவுக்குள், சந்தைப் பக்கம், காரைக் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடுவதைவிட நடப்பது சுகம். வெயிலில் முடியாது என்றால் ஓட்டோ. ஏறுமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள், பேசும்போது வெளிநாட்டுக் கதையை எடுக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவரின் நம்பர் உங்களிடம் இருந்தால் இரவு ஆஸ்பத்திரிக்குப் போகவும் கவலையில்லை. ஊர்ச்சனம் உண்மையில் ஓடுவது ஸ்கூட்டியிலும் மோட்டார் சைக்கிளிலும்தான். ஹெல்மெட் கட்டாயம், பின்னால் இருப்பவருக்கும்தான்.

கல்லடியில் வாவிக்கு மேலே 1924ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013ல் திறந்த புதுப் பாலம் இருக்கிறது. வாகனமெல்லாம் புதியதில். பின்னேரம் பழைய பாலத்தில் நடந்து பாருங்கள், வாவிக்குள் பாடும் என்று சொல்கிற பாடும்மீன் கேட்காவிட்டாலும் காற்று வரும்.

சரி, கார் வேண்டவே வேண்டாமா? வயதான அம்மா அப்பாவோடு வருகிறவர்களுக்கும், வாவிக்கு அந்தப்பக்கம் படுவான்கரையில் காணி, வயல் இருப்பவர்களுக்கும் வேண்டும். அங்கே பஸ் குறைவு, பொழுதுபட்டால் இன்னும் குறைவு. ஆனால் முதலில் வாடகைக்கு எடுங்கள். 2020ல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தார்கள். பழைய காருக்குக்கூட இங்கே சொல்லும் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும்.

சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் போதாது. வெளிநாட்டு லைசன்ஸைக் காட்டி இங்கே செல்லுபடியாகும் அனுமதி எடுக்க வேண்டும். அந்த வேலையை மட்டக்களப்புக்கு வருமுன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது இடது பக்கம். ஜப்பான் கார் என்றால் சிக்னல் போடப் போய் வைப்பர் ஆடும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வேகம் ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. ஆனால் இரவில் வேகத்தை முடிவு செய்வது மாடுகள். தார் சூடு பிடித்துப்போய் வீதி நடுவிலேயே படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும்வரை தெரியாது.

படுவான்கரைக்குப் போக 2014ல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலை கிட்டவாகிவிட்டது. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு இன்னும் 'பாதை'தான். பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை. மோட்டார் சைக்கிளோடு ஏறலாம். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வையுங்கள். நான் ஒருநாள் கேட்காமல் விட்டு, அக்கரையில் வெளிச்சம் தெரிய, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.