கப்பல் அறையை உயர்த்தலாமா? பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பயணத்துக்குச் சில மாதம் இருக்கும்போது கப்பல் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வரும். ஜன்னல் இல்லாத உள்ளறையில் இருக்கிறீர்கள், பால்கனி அறைக்கு மாறலாம், 60 டாலரிலிருந்து ஏலம் கேளுங்கள் (கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்) என்று இருக்கும். அந்த 60 டாலர் ஓர் ஆளுக்கு. அறையில் இருவர் என்றால் 120. தனியாகப் போகிறவருக்கும் பெரும்பாலும் அதே 120தான், ஏனென்றால் கப்பல் அறைகளின் விலை இருவர் தங்குவதை வைத்தே போடப்படுகிறது. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு ஏலத்தொகை பொதுவாகக் கிடையாது. அதனால் தனியாளுக்குக் கசக்கிற அதே மின்னஞ்சல், இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இனிக்கும். ஆனால் நால்வர் படுக்கிற பால்கனி அறைகள் கப்பலில் குறைவு. ஏலம் பலிக்கும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு.

ஏலம் ஒரு வழி மட்டுமே. முன்பதிவின்போதே மேல் வகையை வாங்கலாம். முன்பதிவு செய்த பிறகு, அன்றைய விலை வித்தியாசத்தைக் கட்டி மாறலாம். சில நேரம் நிறுவனமே தொலைபேசியிலோ செயலியிலோ குறிப்பிட்ட விலை சொல்லும். ஏறும் நாளன்று முனையத்தில் கேட்டும் பார்க்கலாம். இவற்றில் பலரும் மறந்துவிடுவது முன்பதிவுக்குப் பிறகு வித்தியாசத்தைக் கட்டி மாறும் வழியை, ஆனால் பெரும்பாலும் லாபமாக அமைவது அதுதான்.

முதலில் ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, உள்ளறை ஆளுக்கு 520 டாலர், பால்கனி 700 என்று வைப்போம். வித்தியாசம் 180, இருவருக்கு 360, ஓர் இரவுக்கு 90. துறைமுக நாளில் காலை இறங்கி மாலை ஏறுவீர்கள். இரவு உணவு, நாடகம், நீச்சல்குளம் எல்லாம் போக, விழித்த கண்ணோடு அறைக்குள் இருப்பது நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால், மணிக்கு 30 டாலர் கொடுத்துக் கடல் பார்க்கிறீர்கள். மேல்தளத்தில் அதே கடல் இலவசம். ஆனால் 60 டாலர் ஏலத்தில் அந்த அறை கிடைத்தால் இரவுக்கு 30, மணிக்கு 10. கைக்குழந்தை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கும், நீங்கள் அறையை விட்டு நகர முடியாது என்றால் கணக்கு இன்னும் மாறும். அந்த இரண்டு மணி நேரத்தை இருட்டில் கைபேசியோடு கழிப்பதா, வெளியே நாற்காலி போட்டு உட்காருவதா என்பதுதான் அங்கே கேள்வி.

ஏலத்தில் இறங்கும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் புது வாடிக்கையாளர்போல அதே பயணத்தைத் தேடி, இன்றைய விலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் நாள் நெருங்கும்போது மலிவான உள்ளறைகள் முதலில் தீர்ந்துபோகும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு உள்ளறைகளின் விலை ஏறி, ஜன்னல் அறையைத் தொட்டுவிடுவதும் உண்டு. அப்போது நேரடி வித்தியாசம் ஏலத்தின் குறைந்தபட்சத் தொகையைவிடக் குறைவாக இருக்கலாம். முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்பு (பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன், வாங்கிய நாட்டைப் பொறுத்து மாறும்) இன்றைய விலையில் மாற்றித்தரச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். இப்படி மாறும்போது அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஏலத்தில் அந்த உரிமை கிடையாது.

அறையின் வகையைவிட அறை இருக்கும் இடம் முக்கியம்

மோசமான இடத்தில் உள்ள பால்கனி அறையைவிட நல்ல இடத்தில் உள்ள உள்ளறையில் தூக்கம் நன்றாக வரும். ஏலம் கேட்கிறவர் தன் கையிலிருந்து விட்டுக்கொடுப்பது இதைத்தான். நடுத்தளத்தில், கப்பலின் மையத்தில், மேலும் கீழும் அறைகளே உள்ள ஓர் உள்ளறையை நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கலாம். ஏலம் ஜெயித்தால் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, நடனக்கூடத்துக்கு மேலே கடைசி மூலையில் உள்ள பால்கனியைத் தரலாம். கேட்டது பால்கனி, கிடைத்ததும் பால்கனி. புகார் செய்ய இடமில்லை.

ஆகவே முதலில் அந்தக் கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து, நீங்கள் ஏலம் கேட்கும் வகை எந்தெந்தத் தளங்களில், எந்தெந்தப் பகுதிகளில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி நிறம் இருக்கும். அந்த நிறம் விழுந்த எல்லா இடமும் உங்களுக்குச் சம்மதம் என்றால் கேளுங்கள். பாதி இடம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எது மோசமான இடம்? நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில், விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்கும். பஃபே உணவகத்துக்குக் கீழே என்றால் தள்ளுவண்டிச் சத்தம். நாடக அரங்குக்கோ இரவு விடுதிக்கோ மேலே என்றால் நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட பகுதி பெரும்பாலும் சமையலறை, சாமான் அறை, பணியாளர் வழி. அதன் பக்கத்திலும் மேலும் கீழும் கவனம் தேவை. கீழ்த்தளத்தில் முன்மூக்கை ஒட்டிய அறையில் நங்கூரச் சங்கிலியும், கப்பலைக் கரையோடு அணைக்கும் பக்கவாட்டு உந்திகளும் அதிகாலையிலேயே எழுப்பிவிடும். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு இருப்பதைக் காட்டும் சிறு குறியும் வரைபடத்தில் இருக்கும். குடும்பத்தார் பக்கத்து அறையில் இருந்தால் அது வசதி. அந்நியர் இருந்தால் அவர்கள் பேச்சு முழுக்க உங்களுக்கும் கேட்கும். மின்தூக்கிக்குப் பக்கத்து அறையைப் பலர் தேவையில்லாமல் பயந்து ஒதுக்குகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் நல்ல அறை.

குமட்டல் வருகிறவர்களுக்கு ஒரே விதி: கீழே, நடுவில். அலையில் கப்பல் சீசாப் பலகைபோல முன்னும் பின்னும் ஏறி இறங்கும். நடுவில் அசைவு குறைவு, முன்முனையிலும் பின்முனையிலும் அதிகம். பக்கவாட்டு ஆட்டமோ உயரம் கூடக்கூடக் கூடும். பால்கனி அறைகளும் சூட் எனும் பெரிய சொகுசு அறைகளும் பெரும்பாலும் மேல்தளங்களில்தான். காசு கொடுத்து ஆட்டத்தை அதிகமாக்கிக்கொள்வது இப்படித்தான். இவர்கள் உள்ளறையிலிருந்து கீழ்த்தள ஜன்னல் அறைக்கு மாறினால் போதும். தொடுவானம் கண்ணில் பட்டாலே பலருக்குத் தலைசுற்றல் தணியும்.

எந்தக் கடல், எந்த மாதம்

அலாஸ்காவிலும் நார்வேயின் கடற்குடாக்களிலும் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. மலைகள் பகல் முழுக்கக் கண்ணெதிரே நகரும். குளிரில் மேல்தளத்தில் நெடுநேரம் நிற்க முடியாது, அறையில் போர்வை சுற்றிக்கொண்டு பார்க்கலாம். பனிப்பாறைக்கு முன்னால் கப்பலைப் பெரும்பாலும் மெல்லத் திருப்புவார்கள் என்பதால் இடப்பக்கமா வலப்பக்கமா என்ற கவலையும் வேண்டாம்.

மலாக்கா நீரிணை அப்படியில்லை. நிலம் தூரத்தில் கோடாகத் தெரியும், பாதி வழி இரவில் கழியும். வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்து பகல் 11 மணிக்கு மேல் பால்கனியில் உட்காரவிடாது. கதவைத் திறந்துவைத்தால் ஈரக்காற்று புகுந்து அறைக்குள் வியர்க்கும், பல கப்பல்களில் ஏசியும் தானாக நின்றுவிடும். விடியற்காலையும் அந்தி நேரமும் மட்டும்தான் மிச்சம். இந்த வழியில் 3, 4 இரவு போகிறவர்கள் அந்தப் பணத்தைப் பினாங்கில் ஊர் சுற்றவும் சாப்பிடவும் வைத்துக்கொள்வது மேல் என்பதே எங்கள் கருத்து. நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, ஆட்டம் பொதுவாகக் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்து வங்காள விரிகுடாவை அப்படி நம்ப முடியாது. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வந்த எம்பிரஸ் போன்ற 1990-ஆம் ஆண்டுக் கப்பலில் பால்கனி அறைகளே கொஞ்சம்தான். அங்கே கேட்க வேண்டியது உள்ளறையா ஜன்னலா என்பது மட்டும்.

ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்ளறையில் 80 அங்குலத் திரை ஒன்று, வெளியே இருக்கும் கடலை நேரலையாகக் காட்டும். உள்ளறை சுமார் 165 சதுர அடி, பால்கனி அறை சுமார் 200, வெளியே இன்னும் 55. அதாவது உள்ளே கூடுவது 35 சதுர அடிதான், இரண்டு பெட்டி விரித்து வைக்கிற இடம். ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் பால்கனி என்ற பெயரிலேயே கப்பலின் நடு முற்றத்தைப் பார்க்கும் அறைகளும் உண்டு. கடல் தெரியாது, இரவு பாட்டுச் சத்தம் ஏறி வரும். செலிபிரிட்டி நிறுவனத்தின் எட்ஜ் வகைக் கப்பல்களில் பல அறைகளில் பால்கனி அறைக்குள்ளேயே அடங்கியிருக்கும், வெளிப்பக்கக் கண்ணாடியின் மேல்பாதி மட்டும் இறங்கும். ‘பார்வை மறைப்பு’ என்று குறித்த அறைகளுக்கு முன்னால் பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்கும். இவற்றின் விவரத்தை ஒவ்வொன்றாகப் படித்த பிறகே ஏலம்.

சூட் என்றால் வேறு கணக்கு

சூட்டில் வாங்குவது அறையை மட்டுமல்ல, கூடவே வரும் சலுகைகளையும். அதில் நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருப்பவற்றை மட்டும் கழியுங்கள். இணையம் வாங்குவீர்களா, அதன் விலையைக் கழிக்கலாம். மது குடிக்காதவர் இலவச மதுவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ராயல் கரீபியனின் ஆந்தம் ஆஃப் த சீஸ், ஓவேஷன் ஆஃப் த சீஸ் போன்ற கப்பல்களில் ஜூனியர் சூட் என்பது பெரிய பால்கனி அறை, கூட சூட் உணவகத்தில் இரவு உணவு. இணையம் போன்ற சலுகைகள் அதற்கு மேல் வகையிலிருந்துதான் தொடங்கும். ஜெண்டிங் டிரீம் கப்பலில் ‘தி பேலஸ்’ என்பது தனிப் பணியாளர் (பட்லர்) சேவையோடு தனியாகப் பிரித்த சூட் பகுதி, அதை மற்ற அறைகளோடு ஒப்பிட முடியாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சூட் உணவகத்தின் உணவுப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்தியச் சைவ உணவு பெரிய உணவகத்தில் எளிதாகக் கிடைக்கும், சின்ன உணவகத்தில் சொல்லிவைத்தால்தான்.

நாளுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் டிப்ஸும் பல நிறுவனங்களில் சூட்டுக்கு அதிகம், ஆளுக்கு நாளுக்கு இரண்டு மூன்று டாலர். நால்வர், 4 இரவு என்றால் 32 முதல் 48 டாலர். ஏலப் பக்கத்தில் இந்தத் தொகை கண்ணில் படாது, கப்பலின் கடைசி ரசீதில் வரும்.

ஏலம் கேட்கும் முறை

ஏலப் பக்கத்தில் தொகையைக் கூட்டிக் குறைக்க நகர்த்துகோல் ஒன்றும், உங்கள் தொகை வலுவா பலவீனமா என்று காட்டும் முள்ளும் இருக்கும். முள்ளை நம்பி ஏற்றாதீர்கள், கப்பலில் எத்தனை அறை காலி என்பதை அது சொல்வதில்லை. இன்றைய நேரடி வித்தியாசத்தில் பாதியை உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால், அறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் விட்டு, பணத்தையும் விடுகிறீர்கள். மேலே சொன்ன கணக்கில் வித்தியாசம் ஆளுக்கு 180, ஆக உச்சவரம்பு 90. ஆளில்லாத பருவத்தில் குறைந்தபட்சத் தொகையே போதும். பள்ளி விடுமுறையில் 90-ம் எடுபடாமல் போகலாம், போகட்டும்.

ஒரே நேரத்தில் பல வகைகளுக்கு ஏலம் வைக்கலாம். எதை ஏற்பது என்பது நிறுவனத்தின் விருப்பம், ஆகவே எது விழுந்தாலும் சம்மதம் என்ற வகைகளுக்கு மட்டும் வையுங்கள். ஏற்கும் வரை தொகையை மாற்றலாம், திரும்பப் பெறலாம். ஏற்ற நொடியில் அட்டையில் பணம் எடுத்துவிடுவார்கள், அதன் பிறகு திரும்ப வராது. புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு வரைகூட முடிவு வரலாம். தொகை டாலரில் என்றால் இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் சேரும். அட்டையில் பன்னாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்காவிட்டால் பணம் போகாது, ஏலமும் போய்விடும்.

இரண்டு அறை எடுத்து, ஒன்றில் தாத்தா பாட்டி, ஒன்றில் நீங்கள் என்றால் ஏலம் வேண்டாம். ஒன்று மட்டும் மாறி, இரண்டு குடும்பமும் வேறு வேறு தளத்துக்குப் போய்விடும். சக்கர நாற்காலிக்கேற்ற அறை எடுத்தவர்களும் தொட வேண்டாம். புது அறையின் கதவு குறுகலாக இருந்தால் பயணமே கெட்டுவிடும். குழுப் பயணச்சீட்டுகளை ஏலத்தில் சேர்க்காத நிறுவனங்களும் உண்டு, முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலம் பலித்தால் அறை எண், பெட்டிச் சீட்டு, அவசரகாலத்தில் கூடும் இடம் மூன்றும் மாறும். ஏறும் அனுமதிச் சீட்டையும் பெட்டிச் சீட்டையும் மறுபடி தரவிறக்கி அச்சிடுங்கள், பழைய சீட்டு ஒட்டிய பெட்டி பழைய அறை வாசலில்தான் போய் நிற்கும். பலிக்கவில்லை என்றால் ஏறும் நாளன்று முனையத்தில் காலி அறை இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். அங்கே எந்த அறை எண் என்பதை முதலில் கேட்டு, கைபேசியில் தள வரைபடத்தைப் பார்த்த பிறகு அட்டையை நீட்டுங்கள்.