கரண்ட் போனாலும் வழியாத கடல்நீர்த் தொட்டி

நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட மீன் தொட்டியில் 400 லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். அதிலிருந்து நீர் தானாக இறங்கி, அடியில் வடிகட்டியும் மோட்டாரும் இருக்கும் சிறு தொட்டிக்கு வருகிறது; அதை மோட்டார் மறுபடி மேலே ஏற்றுகிறது. அடித்தொட்டியைச் சம்ப் என்பார்கள், வீட்டு வாசலில் மண்ணுக்கடியில் கட்டும் சம்ப் அன்று. மோட்டார் ஓடும்வரை எந்தக் குழாய் வேலையும் நன்றாகத்தான் தெரியும். குற்றம் வெளிப்படுவது கரண்ட் போகும்போது.

மண்டபம் ஊரில் நான் முதலில் வைத்த தொட்டியில், ஏற்றும் குழாயின் வாயை வெளியே தெரியாதிருக்கட்டும் என்று நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறக்கியிருந்தேன். நள்ளிரவில் மின்சாரம் நின்றதும் அதே குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கி, சம்ப் நிரம்பி, கூடம் முழுவதும் பரவிவிட்டது. கோரைப்பாய் முதுகில் ஈரமாக ஒட்டியபோதுதான் விழித்தேன். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது ஏறத்தாழ 18 லிட்டர், ஒரு சாணுக்கு 150 லிட்டரைத் தாண்டிவிடும். ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்குள்ளேயே நிறுத்தி, மட்டத்துக்குச் சற்றே கீழே அக்குழாயில் சிறு துளை ஒன்றும் இட வேண்டும். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும். பாசியும் உப்பும் அதை அடைக்கும் என்பதால் வாரம் ஒரு முறை குச்சியால் குத்திவிடுங்கள். நீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பியிருப்பது எனக்கு உடன்பாடில்லை, ஒரு சிறு நத்தை சிக்கினாலே அது மூடாது.

இறக்கும் குழாய் ஏற்றும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வாய்க்கு வலைமூடி போடுங்கள். அது அடைபட்டால் மேல் தொட்டி வழியாதிருக்க, சற்று உயரத்தில் இரண்டாவது குழாய் ஒன்றும் வைப்பது நல்லது. இக்குழாய்களுக்காகத் தொட்டியில் துளையிடுவதற்கு முன் அது டெம்பர்டு கண்ணாடியா (சூடேற்றிக் கடினமாக்கியதா) என்று கடைக்காரரிடம் கேளுங்கள், அதில் துளையிட்டால் முழுப் பலகையும் நொறுங்கிவிடும். துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் கனெக்டரின் ரப்பர் வாஷரில் சொல்யூஷன் (பிவிசி ஒட்டும் பசை) படக் கூடாது. கையால் இறுக்கியபின் கால் சுற்று போதும்.

பித்தளை வால்வும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பொருத்தும் இங்கே வேண்டாம். பாம்பன், கீழக்கரை வீடுகளில் உப்புக்காற்று சன்னல் கம்பியையே அரிக்கிறது. தொட்டிக்குள்ளோ பித்தளையிலிருந்து கசியும் செம்பு, மீனைவிட முன்னதாக இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பிவிசியே போதும். மோட்டாருக்கு அருகே யூனியன் எனும் திருகிக் கழற்றும் இணைப்பு ஒன்று இருந்தால், கழற்றும்போது குழாயை அறுக்க நேராது.

சொல்யூஷன் ஒட்டி ஒரு நாள் ஆறவிட்டபின், கடல்நீருக்கு முன் சாதாரண நீரை நிரப்பி மோட்டாரை ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாள் விரித்தால் சொட்டு உடனே தெரியும். பிறகு நீங்களே சுவிட்சை அணைத்து, நீர் இறங்கி அடங்கும்வரை காத்திருங்கள். சம்ப் வழிந்தால் கொஞ்சம் மொண்டெடுத்து, மீண்டும் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். வழியாத நிலை வந்தபின் மோட்டாரை ஓட விட்டு, அப்போது சம்பில் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அக்கோட்டுக்கு மேல் ஒரு குவளை நீரும் ஊற்றக் கூடாது.